மதிலுக்கு உள்ளும் புறமும்

விடுமுறை என்றால் உற்றார் உறவினர் வீட்டுக்குச் செல்வது என்றிருந்த காலம் போய், விடுமுறை என்றால் உல்லாசப் பிரயாணம் என்னும் காலம் நம்மவர்க்கும் வந்துவிட்டது. ஈப்போவிலும் பத்து காஜாவிலும் சுங்கை சிப்புட்டிலும் வாழுகின்ற நம் தமிழ்க் குடும்பங்களுள், பாட்டனார் பால்மரம் சீவியவர், தந்தையார் தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்து சேர்ந்தவர், பிள்ளையோ காரியாலயத்தில் உத்தியோகம் பார்ப்பவர் என்றிருப்பவை பல. அப்பிள்ளை கையில் நாலு காசு சேர்ந்தவுடன் பிரஞ்சு தேசத்துக் கோட்டை நகரம் ஒன்றையேனும், அவ்வளவு பொருள் இல்லையாயின் புதுச்சேரியையேனும், அதற்கும் இயலாதாயின் பத்து காஜா சாலையிலுள்ள கெல்லி கோட்டையையேனும் மனைவி மக்களுடன் சென்று கண்டு, மதிலோரம் நின்று படம் பிடித்துக்கொண்டு வீடு திரும்புகின்றார். இதனைக் குறை கூறுவதற்காக நாம் எழுதுகோல் எடுத்தோமில்லை. எனினும் இச்செயலினுள் ஒரு வினா மறைந்து கிடக்கின்றது. பிறர் உள்ளே வாராதபடி தடுப்பதற்கென்றே எழுப்பப்பட்ட மதிலை, அவ்வாறு தடுக்கப்பட்டோரின் பேரப்பிள்ளைகள் பணம் கொடுத்து உள்ளே சென்று கண்டு மகிழ்வது முறையாகுமா? முறையாகுமெனின், எவ்வகையில்?

தொழிலாளிக்கும் தொழிலாளி மகனுக்கும் உல்லாசம் எதற்கு, அப்பணத்தைச் சேமித்தால் ஆகாதா என்று கேட்கும் பெரியோர் சிலர் உளர். அவர்க்கு நாம் அதிகம் விடை கூறப் போவதில்லை. விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்துவிட்டு, மங்கும் உளியும் சுமந்து மரத்துக்கு மரம் ஓடிய மக்களுக்கு ஆண்டில் கிடைத்த உல்லாசம் தீபாவளியும் தைப்பூசமுமேயாம். ஓய்வு என்பது பணக்காரர் வீட்டுச் சொத்தன்று. ஊர் சுற்றிப் பார்ப்பது அறிவை வளர்க்கும் என்று ஐரோப்பியப் பிரபுக்கள் தம் பிள்ளைகளை இத்தாலிக்கும் பிரஞ்சு தேசத்துக்கும் அனுப்பினார்களே, அவர்கள் பிள்ளைகளுக்கு வளரும் அறிவு நம் பிள்ளைகளுக்கு மட்டும் வளராதோ? இவ்வளவோடு இதனை விடுத்து மேலே செல்வோம்.

பிரஞ்சு தேசத்தின் தென்பகுதியில் ஓட் என்னும் ஆற்றங்கரை மேட்டின்மீது கர்க்கசோன் என்றொரு நகரம் உண்டு. இரட்டை மதில், ஐம்பதுக்கு மேற்பட்ட கோபுரங்கள், உள்ளே குறுகிய தெருக்கள், இடைக்காலத்தில் கட்டியது கட்டியபடியே நிற்பதுபோன்ற தோற்றம். ஆண்டுதோறும் உலகின் பல பகுதிகளிலிருந்து மக்கள் திரள் திரளாகச் சென்று காண்கின்றனர். 1997ஆம் ஆண்டில் யுனெஸ்கோ சபையார் அதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்த்தனர். ஆனால், அக்காட்சி எங்ஙனம் வந்தது என்பதைச் சரித்திரத்தில் தேடுவோர்க்கு வேறு சில செய்திகளும் கிடைக்கும். 1209ஆம் ஆண்டில் மதபேதம் காரணமாகச் சிலுவைப் படை வந்து முற்றுகையிட்டு, குடிமக்கள் தம் உடைமைகள் அனைத்தையும் விட்டுவிட்டு வெளியேறும்படி செய்தது. 1240இல் நகரை மீட்க எழுந்த கிளர்ச்சி தோற்றபின், மதிலையொட்டி இருந்த புறஞ்சேரிகள் அழிக்கப்பட்டன; சில ஆண்டுகள் கழித்து ஆற்றுக்கு அப்பால் ஒரு புதிய ஊர் அமைத்துக்கொள்ள அம்மக்களுக்கு அரசன் இடம் கொடுத்தான். மேலே கோட்டை, கீழே குடிகள் என்று ஊர் இரண்டாயிற்று.

1659இல் பிரஞ்சு தேசத்துக்கும் ஸ்பெயின் தேசத்துக்கும் உடன்படிக்கை ஏற்பட்டு எல்லை தெற்கே நகர்ந்தது. அதன்பின் அக்கோட்டைக்கு வேலை இல்லாமற் போயிற்று. வேலையற்ற கோட்டைக்குள் ஏழைகள் குடியேறினர். இரண்டு மதில்களுக்கும் இடையிலிருந்த வெளியில் நெசவாளரும் கூலிக்காரரும் மதில் கல்லிலேயே சாய்த்துக் குடிசை கட்டி வாழ்ந்தனர். இடித்துக் கல்லை விற்றுவிடலாம் என்று அரசாங்கம் 1850ஐ ஒட்டி எண்ணியபோது, அவ்வூர் அறிஞர் சிலர் போராடித் தடுத்தனர். 1853இல் வியோலே-ல-துயூக் என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் சீர்திருத்த வேலையைத் தொடங்கினார். மதில் பிழைத்தது, மதிலில் சாய்ந்திருந்த குடிசைகள் பிழைக்கவில்லை. பழைய நகரம் பழைய நகரமாகத் தோன்றவேண்டுமானால் அதிலிருந்த ஏழைகள் அப்புறப்படுத்தப்படவேண்டும் என்பது அக்காலத்துச் சித்தாந்தம். இன்னும் ஒரு வேடிக்கை: அக்கலைஞர் கோபுரங்களுக்கு வடநாட்டு வழக்கப்படி கூர்மையான கற்பலகைக் கூரை வைத்தார் என்றும், தென்னாட்டு மரபு அதுவன்று என்றும் பின்னாளில் பெரிய வாக்குவாதம் எழுந்து, சில கூரைகளை ஓட்டுக் கூரைகளாக மாற்றியும் அமைத்தனர். கூரையைக் குறித்து நடந்த வாதத்தில் நூறில் ஒரு பங்கேனும் அந்நெசவாளர் வீடுகளைக் குறித்து நடந்ததா என்று கேட்பதில் தவறில்லை.

இனி, தமிழர்க்கு அண்மையிலுள்ள பிரஞ்சு நகரமாகிய புதுச்சேரிக்கு வருவோம். கடலோரத்தில் வெள்ளையர் குடியிருப்பு. இடையே பெரிய வாய்க்கால். அதற்கு மேற்கே தமிழர் தெருக்கள். முன்னதை வெள்ளைப் பட்டணம் என்றும், பின்னதைக் கறுப்புப் பட்டணம் என்றும் வழங்கினர். இன்று விடுமுறைக்குச் செல்வோர் மஞ்சள் சுண்ணம் பூசிய வீடுகளையும் காகிதப்பூக் கொடிகளையும் கண்டு, ஐரோப்பாவிற்கே சென்று வந்ததுபோல் பெருமை கொள்ளுகின்றனர். புதுச்சேரிக்கும் ஒரு காலத்தில் சுற்று மதிலும் கோட்டையும் இருந்தன. 1761 ஜனவரியில் நகரம் ஆங்கிலேயரிடம் சரணடைந்தபின் அவற்றை அவர்கள் இடித்துத் தரைமட்டமாக்கினர். ஆகவே இன்று அங்கே மதில் இல்லை, வாய்க்கால் மாத்திரம் உண்டு. 1954ஆம் ஆண்டில் பிரஞ்சுக்காரர் ஆட்சியை ஒப்படைத்துவிட்டுச் சென்றபின்னரும் அவ்வாய்க்கால் இருந்த இடத்திலேயே இருக்கின்றது.

புதுச்சேரியின் மதிலைப் பற்றிப் பேசும்போது கல்மதிலை மட்டும் பேசிவிட்டு நிறுத்துவது நேர்மையாகாது. அந்நகரத்துத் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை எழுதி வைத்த நாட்குறிப்பில், 1745ஆம் ஆண்டுக்குரிய பகுதியில் ஒரு செய்தி வருகின்றது. புதுச்சேரி மாதா கோயிலுக்குள்ளேயே ஒரு சுவர் எழுப்பப்பட்டிருந்தது. சுவருக்கு ஒருபுறம் ஒடுக்கப்பட்ட கிறித்தவர். மறுபுறம் சாதிக் கிறித்தவரும் வெள்ளையரும். ஒடுக்கப்பட்டோர் குருமாரிடம் சென்று நியாயம் கேட்டனர், சுவர் இடிக்கப்பட்டது, சாதிக் கிறித்தவர் கொதித்தெழுந்தனர். வெள்ளையன் நம்மைப் பிரித்து வைத்தான் என்று வாய்க்காலைச் சுட்டிக் காட்டுகின்ற நாம், வாய்க்காலுக்கு மேற்கே நாமே கட்டிக்கொண்ட சுவர்களை எந்தப் பிரயாண நூலில் குறித்து வைத்திருக்கின்றோம்? கப்பலேறிப் பினாங்கு வந்திறங்கிய நம் முன்னோரும் அச்சுவரை மூட்டைக்குள் வைத்தே கொண்டுவந்தனர். ஒரே தோட்டத்தில் ஒரே கங்காணியின்கீழ் ஒரே கூலி வாங்கியவர்களும் சாதிக்கொரு லயமாகக் குடியிருந்த தோட்டங்கள் உண்டு என்பதை முதியோர் அறிவர்.

புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் 19ஆம் நூற்றாண்டில் நம் மக்கள் ரியூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றப்பட்டனர். அவர் வழியினர் இன்று பிரஞ்சு மொழி பேசும் பிரஞ்சுக் குடிகள். அவர்களுள் ஒருவர் விடுமுறைக்குக் கர்க்கசோன் சென்றால் தம் தேசத்துச் சரித்திரத்தைத் தாமே காண்பவராவர். அதே மனிதர் புதுச்சேரிக் கடற்கரையில் நின்றால் தம் பாட்டனைக் கப்பலேற்றிய துறையைக் காண்பவராவர். இரண்டையும் விடுமுறை என்றே அவர் சொல்லுவார்.

இனி நம் வாயிற்படிக்கு வருவோம். பத்து காஜாவிலிருந்து கோப்பேங் செல்லும் சாலையில், ராயா ஆற்றின் அருகே, முடிவுபெறாத மாளிகை ஒன்று நிற்கின்றது. ஸ்காட்லாந்து தேசத்திலிருந்து 1890ஆம் ஆண்டில், இருபது வயதினராக மலாயா வந்த வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் துரை, முதலில் சாலை வேலை முதலிய குத்தகைகளில் பொருளீட்டி, பின் கிந்தா ஜில்லாவில் காடு வாங்கி ரப்பர் தோட்டம் அமைத்தார். தம் ஊர்ப் பெயரை நினைந்து கிந்தா கெல்லாஸ் என்று தோட்டத்துக்குப் பெயரும் சூட்டினார். இருக்கும் வீடு போதாதென்று, மகன் பிறந்த 1915ஆம் ஆண்டில், ஒரு பெரிய மாளிகையை எழுப்பத் தொடங்கினார். ஏறி இறங்க மின்தூக்கிக்கு ஒரு கூண்டு, கேளிக்கைகளுக்கு மொட்டைமாடி, முகலாயர் மாளிகைகளை நினைவூட்டும் வளைவுகள். செங்கல்லும் ஓடும் இந்தியாவிலிருந்து வந்தன. வேலை செய்தவர்களும் சென்னை மாகாணத்திலிருந்து வந்தவர்களே.

1918ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகமெங்கும் பரவி லட்சோபலட்சம் மக்களைக் கொன்ற விஷக்காய்ச்சல் அத்தோட்டத்திலும் நுழைந்தது. கட்டட வேலையிலிருந்த தமிழர் பலர் மாண்டனர். எஞ்சியோர் மாரியம்மனுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று துரையைக் கேட்க, அவரும் கட்டித் தந்தார். மாளிகைக்குச் சற்றுத் தொலைவில் அக்கோயில் இன்றும் உள்ளது. காய்ச்சலுக்குக் கோயில் மருந்தாகுமா என்பதை இங்கே நாம் விவாதிக்க விரும்பவில்லை. மருத்துவருக்கே மருந்து தெரியாதிருந்த நோய் அது. கோயிற் கூரையின்மேல் தெய்வ உருவங்களுக்கிடையே, வெள்ளை உடையும் தொப்பியும் அணிந்த துரையொருவர் சிலை நிற்கின்றது; அது கெல்லி ஸ்மித்தின் உருவமே என்று சொல்லுவர். 1926ஆம் ஆண்டு, போர்த்துக்கல் தேசத்து லிஸ்பன் நகரத்தில் துரை நிமோனியாக் காய்ச்சலால் இறந்துபோனார். மனைவியார் திரும்பி வந்து அம்மாளிகையில் வாழ விரும்பாமல் சொத்தை ஹாரிசன்ஸ் அன்டு கிராஸ்பீல்டு கம்பெனிக்கு விற்றுவிட்டார். மாளிகை நின்றது நின்றபடி காடு மூடிற்று. பல்லாண்டு கழித்துக் காடு வெட்டி, வழி அமைத்து, இன்று காட்சிச் சாலையாக நடத்தி வருகின்றனர்.

இம்மாளிகையில் பேய் உலாவுகின்றது என்று ஒரு கதை வெகுநாளாக வழங்கி வருகின்றது. எவருடைய பேய் என்று கேட்டால், துரையின் பேய் என்றும் துரை மகளின் பேய் என்றும் விடை வருகின்றது. பேய் என்பது வெறும் மூடநம்பிக்கை என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஆயினும் அம்மூடநம்பிக்கையிலும் ஒரு வர்க்கபேதம் புகுந்திருப்பதைக் கண்டு சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. லிஸ்பனில் இறந்தவர் ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்து கிந்தாவில் உலாவுகின்றாராம். அங்கேயே வேலை செய்து அங்கேயே விழுந்து மாண்ட தமிழர்களோ பேயாகவும் வருவதில்லை. பேயாவதற்கும் ஒரு பெயர் வேண்டியிருக்கின்றது போலும்.

இம்மாளிகையைக் காணச் செல்லலாகாது என்று கூறும் தன்மானத் தோழர் சிலரை நாம் அறிவோம். நம் பாட்டனாரின் எலும்பின்மேல் எழுந்த மாளிகையில் நின்று படம் பிடித்துக்கொள்வது வெட்கக்கேடு என்பது அவர்கள் வாதம். இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. அதன் கோபத்தில் நியாயம் உண்டு. ஆயினும் அவ்வாதத்தில் மறைந்துள்ள ஒன்றை அவர்கள் கருதவேண்டும். மாளிகையை மாளிகையாக்கியது எது? துரை தந்தது பணம். அப்பணமும் சாலை வெட்டியவன், மரம் சீவியவன் உழைப்பிலிருந்து திரண்டது. வளைவுகள் ஒன்றுக்கொன்று பிசகாமல் வரிசையாக நிற்கின்றனவே, நூறாண்டு மழையில் நனைந்தும் செங்கல் செங்கலைப் பிடித்துக்கொண்டிருக்கின்றதே, அது பணத்தின் திறமையன்று. கரண்டி பிடித்த கையின் திறமை. ஆதலின் அவ்வளைவைக் கண்டு ஒருவன் வியப்பானாயின் அவன் வியப்பது கொத்தனாரையேயாம். அங்கே செல்லமாட்டேன் என்பவன், துரையைத் தண்டிப்பதாக எண்ணிக்கொண்டு, தன் பாட்டனின் கைவேலையைத் துரைக்கே எழுதிக் கொடுத்துவிடுகின்றான்.

கட்டாயத்தின் பேரில் செய்த வேலையில் திறமையைப் போற்றுவது கட்டாயத்தையே போற்றுவதாகாதா என்று கேட்கலாம். பசியே அவர்களைக் கப்பலேற்றிற்று என்பது உண்மை. கங்காணியின் வாய்ப்பந்தலும் முன்பணக் கடனும் அவர்களைத் தோட்டத்தில் நிறுத்திவைத்தன என்பதும் உண்மை. ஆனால் மனிதனைக் கட்டிப்போடலாம். வளைவை நேராக எழுப்பும்படி கட்டிப்போட முடியாது. அந்த நேர்த்தி அவன் விரும்பித் தந்தது. கூலிக்கு மேற்பட்டு அவன் தந்த அப்பகுதி அவனுக்கே சொந்தம்.

ஆனால் இவ்விடத்தில் நாம் மிகவும் எச்சரிக்கையாக நடந்துகொள்ளவேண்டும். ‘கஷ்டப்பட்டார்கள், ஆனாலும் எவ்வளவு அழகான மாளிகை கிடைத்தது!’ என்று சொல்லிவிட்டுத் திருப்தியடைவோர் உளர். இஃது அழகையும் மரணத்தையும் ஒரே தராசில் இட்டுக் கணக்கை நேர் செய்வதாகும். விஷக்காய்ச்சலில் மாண்டவர் எந்த வளைவுக்காகவும் மாளவில்லை. ஊரில் பணத்தை எதிர்பார்த்துக் காத்திருந்த தாய்க்கும் தாரத்துக்கும் அம்மாளிகையின் அழகால் ஒரு காசளவும் ஈடாகாது. கைத்திறமையை வியப்பது ஒரு கடமை; மரணத்துக்கு வருந்துவது மற்றொரு கடமை. ஒன்றைச் செய்துவிட்டபடியால் மற்றொன்று தீர்ந்துவிட்டது என்று கொள்ளுவதற்கு எவர்க்கும் உரிமை இல்லை. மதிலைக் காணச் செல்லும் விடுமுறைக்காரர் இவ்விரண்டையும் சுமந்து செல்வாராயின், அவர் மகிழ்ச்சி முறையானது என்பதே நம் துணிபு.

கோயிற் கூரைமேல் நிற்கும் துரையின் உருவத்தைப் பற்றியும் ஒரு சொல். இஃது அடிமைப் புத்தி என்று சிலர் சீறுகின்றனர். நாமும் அதனை விரும்பவில்லை. ஆனாலும் தொழிலாளி அவ்வுருவத்தைக் கருவறையில் வைத்தானில்லை, கூரைமேல் நிறுத்தினான். கேட்டதைத் தந்தவனுக்கு ஒரு மூலையில் இடம் கொடுப்பது நம் நாட்டுப்புற மக்களின் பழைய மரியாதை. துரையோ மின்தூக்கிக்கு இடம் வகுத்தார், கேளிக்கைக்கு இடம் வகுத்தார். தம் மாளிகையில் தொழிலாளியின் உருவத்துக்கு ஒரு மூலை வகுத்ததாகச் செய்தி இல்லை. எவர் மனம் விசாலமானது என்று பார்ப்போர் தீர்மானித்துக்கொள்ளலாம்.

எந்தக் கட்டடம் காக்கப்படுகின்றது, எது இடிக்கப்படுகின்றது என்பதே இவ்விஷயத்தின் உயிர்நிலை. கல்லால் கட்டியவன் வீடு சரித்திரமாகின்றது. பலகையாலும் தகரத்தாலும் கட்டியவன் வீடு குப்பையாகின்றது. பேராவில் மாத்திரம் எத்தனை தோட்டங்கள்! 1950களின் பிற்பகுதியிலிருந்தே துரைமார் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கினர். அத்துண்டாடலில் தொழிலாளர் நடுத்தெருவில் நிற்கக் கண்டே, 1960ஆம் ஆண்டில் துன் சம்பந்தன் தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவித் தோட்டங்களை வாங்கினார். கூலிக்காரன் தோட்டத்துக்கு உடையவனாகலாம் என்று காட்டிய செயல் அது. ஆயினும் வெள்ளத்தை முழுதும் தடுக்க அவ்வணை போதவில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்சாலைகளும் கோல்ப் மைதானங்களும் வந்தன. லயங்கள் இடிந்தன. ஓரிடத்தில் ஒரு கோயிலும், ஓரிடத்தில் பிள்ளைகள் குறைந்துபோன ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடமுமே, இங்கே ஒரு தோட்டம் இருந்தது என்பதற்குச் சாட்சியாக நிற்கின்றன. இரண்டு மதில்களுக்கிடையே வாழ்ந்த அந்நெசவாளர் கதை நமக்கு அந்நியமானதன்று.

ஒரு லயத்தையேனும் காத்து வைக்கவேண்டாமா என்று பேச்செழுந்தால், அதில் பிறந்து வளர்ந்த மூதாட்டியரே முதலில் மறுக்கின்றனர். ‘அதில் காணுவதற்கு என்ன இருக்கிறது? ஒழுகும் கூரையையும் பொதுக் குழாயையுமா பிள்ளைகளுக்குக் காட்டுவது? இடிந்தது நல்லதே’ என்பது அவர்கள் கட்சி. அம்மொழியை நாம் தலைவணங்கிக் கேட்கின்றோம். தம் துயரத்தை மறந்துவிட அவர்களுக்குப் பூரண உரிமை உண்டு. அவர்கள் சார்பாக மறந்துவிடும் உரிமை பேரப்பிள்ளைகளுக்கு உண்டா என்பதுதான் கேள்வி. உண்டு என்று நாம் எண்ணவில்லை. மாளிகை மட்டும் நின்று லயம் அழிந்துவிடுமாயின், நூறாண்டு கழித்து வருவோர்க்குக் கிந்தாவின் சரித்திரத்தை மாளிகை ஒன்றே சொல்லும். அது துரையின் கனவையும் துரையின் துரதிருஷ்டத்தையும் சொல்லும். செங்கல் சுமந்தவளின் இடுப்பு வலியைச் சொல்லாது.

அதற்காக, லயத்துக்கு வர்ணம் பூசி, வாசலில் பூத்தொட்டி வைத்து, காப்பிக் கடை திறந்து, அந்நியர் வந்து ‘ஆகா’ என்னும்படி செய்வதையும் நாம் ஒப்பமாட்டோம். வறுமையைக் காட்சிப் பொருளாக்குவது வறுமையை மறைப்பதினும் கீழானது. இருந்த அளவில் ஓர் அறை, இருந்தபடி ஓர் அடுப்பு, பெரட்டுக்களத்துத் தண்டவாள மணி, ஆயாக் கொட்டகையின் ஏணைக் கயிறு, இவை போதும். பெயர்களும் வேண்டும். தொழிலாளியின் பெயரை எவரும் எழுதவில்லை என்பது சரியன்று. செக்ரோல் புத்தகத்தில் கிராணி நாள்தோறும் எழுதினார். கூலி பிடிப்பதற்காக எழுதிய அப்பெயர்களை, இன்று எங்கேனும் ஒரு பழைய பெட்டியில் கிடைக்குமாயின், நினைவுகூர்வதற்காக எடுத்து எழுதுவது நம் சங்கங்களால் ஆகாத காரியமன்று. திருவிழாவுக்கு மின்விளக்குத் தோரணம் கட்ட வசூலிக்கும் பணத்தில் ஒரு பகுதியே இதற்குப் போதும்.

எண்பதைக் கடந்த பால்வெட்டுக்காரர் இன்னும் நம்மிடையே சிலர் இருக்கின்றனர். அவர்கள் பெரும்பாலும் புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் மகன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கின்றனர். விடுமுறைக்குப் பிள்ளைகள் புறப்படும்போது வீட்டைப் பார்த்துக்கொள்ள விட்டுச் செல்லப்படுகின்றவர்களும் அவர்களே. கெல்லி கோட்டைக்குச் செல்லும் காரில் ஓர் இடம் அவர்களுக்கு ஒதுக்கப்படுமாயின், எந்தத் தோட்டம் எந்தத் திருப்பத்தில் இருந்தது, லயத்தில் எத்தனை கதவு, குழாய் எந்தப் பக்கம், எவர் பிள்ளையை எவர் எடுத்து வளர்த்தார் என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வருவர். கோப்பேங் சாலையில் அதற்கு வேண்டிய நேரம் உண்டு. பின்னிருக்கையில் இருக்கும் பிள்ளையின் கையில் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கொடுத்து வைப்பது நலம்.